நாலு மணிக்கு நின்றுபோகும் படம்

கேபிளுக்குத் தலை மாட்டுவது எப்படி, ரவுட்டரை எந்த உயரத்தில் வைப்பது என்றெல்லாம் நெட் வேலை பார்க்கும் இளையவர்களான உங்களுக்கு நான் எழுதப் போவதில்லை. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் நீங்கள் எட்டு கலர் கம்பியையும் வரிசைப்படுத்தி அழுத்திவிடுகிறீர்கள். அந்த வேகம் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஒரு வீட்டுக்குள் போன பிறகு எப்போது கிளம்பக்கூடாது, எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் பிடிபட்டது. அதைத்தான் கேட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போடத்தான் சேர்ந்தேன். மத்தியான நேரத்தில் வீடுகளில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள். உள் அறை வரைக்கும் ஒயர் இழுக்க ஆம்பளை ஆளை விடத் தயங்குவார்கள். "நீ போய்ப் பாத்துட்டு வாம்மா, பயப்படாத" என்று முதலாளி என்னை அனுப்பி வைத்தார். அப்படிப் போனவள்தான். பில் புத்தகத்துக்குத் திரும்பவே இல்லை. அவர் அதிகம் பேச மாட்டார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குக் கடைசி வரைக்கும் உதவியது. அது வரும்போது சொல்கிறேன்.

சின்னசேலத்தில் ஒரு வீடு. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

வீட்டுக்காரர் செல்வம் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். முந்தின நாள் போன் செய்தார்.

"யக்கா, வூட்ல நெட்டு ஒரே தகராறா இருக்குது. ரெண்டு பேரு வந்து பாத்தாங்க. மொபைல்ல ஸ்பீடு காட்டிட்டு, ஜாஸ்தியாவே வருதே, இன்னா கொறைங்கறாங்க. அவங்க போனப்புறம் சாயந்தரமானா நின்னுடுது."

"சாயந்தரம் இன்னா பண்ணுவீங்க, படம் பாப்பீங்களா?"

"படம் இல்லக்கா. எங்க வூட்ல கிளாஸ் எடுப்பாங்க. நாளைக்கு ரொம்ப முக்கியமான கிளாஸு. கொஞ்சம் வந்துருங்க."

மறுநாள் உச்சி வெயிலில் போய் நின்று காலிங் பெல்லை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே சுவரில் ஒரு சிவப்பு பல்பு எரிந்து எரிந்து அணைந்தது. இளம்பெண் ஒருத்தி வந்து கதவைத் திறந்து சிரித்தாள். நான் பேச வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஓர் அம்மாவின் குரல் வந்தது.

"அதுக்குக் காது கேக்காதும்மா. பேச்சும் வராது. நீ கையக் காட்டு, புரிஞ்சிக்கும்."

அந்தப் பெண் சுகந்தி, செல்வத்தின் மனைவி. குரல் கொடுத்தவர் மாமியார் பட்டம்மா. சுகந்தி பிறவியிலேயே காது கேளாதவள். கேளாதோர் பள்ளியில் படித்து, மேலே பயிற்சியும் எடுத்தவள். இப்போது வெளியூர் நிறுவனம் ஒன்றுக்காக, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்கிறாள். பிள்ளைகளும் காது கேளாதவர்கள். அவரவர் வீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வகுப்பு அடிக்கடி பாதியில் அறுந்துபோவதாகப் பெற்றோர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். அன்று நாலு மணி வகுப்பை நிறுவனத்துத் தலைமை ஆசிரியை கவனிக்கப் போகிறார். அன்றைக்கும் அறுந்தால் ஊரை விட்டு அந்த வெளியூருக்கே போய்த் தங்கி வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

செல்வம் இதையெல்லாம் வாசலில் வைத்தே சொன்னார். சொல்லிவிட்டு, "கடையில ஆள் இல்லக்கா, நீங்க பாத்துக்கோங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

ஒன்றைக் கவனியுங்கள். நம் வீட்டில் வீடியோ கால் பேசும்போது படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும். "கேக்குதா, கேக்குது சொல்லு" என்று சமாளித்துவிடுவோம். இவர்களுக்குப் படம்தான் குரல். படம் நின்றால் வாயைப் பொத்திய மாதிரி. அந்த இரண்டு பேரும் மொபைலில் ஸ்பீடு காட்டினார்களே, அந்த எண்ணுக்கு இந்த வீட்டில் ஓர் அர்த்தமும் இல்லை. வேகம் கொஞ்சம் கம்மியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

ரவுட்டர் முன்கூடத்தில் டிவி அலமாரியில் இருந்தது. செல்வத்தின் பில் கம்ப்யூட்டர் அதன் பக்கத்திலேயே ஒயரில் ஓடியது. அதில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்றார்கள். சாயந்தரம் அதைத் தொட ஆளில்லை, நின்றாலும் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சுகந்தியின் லேப்டாப் கடைசி அறையில், வைஃபையில். நடுவில் இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. இப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் நீங்களும் என்ன நினைப்பீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். அலை சரியாகப் போய்ச் சேரவில்லை. சுவர் ஓரமாகவே கேபிளை இழுத்து அவள் மேசைக்குக் கொண்டுபோனேன். வகுப்புக்கு ஒயர், மொபைலுக்கும் டிவிக்கும் வைஃபை என்று பிரித்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்க அவள் ஒரு தோழியை அழைத்தாள். அந்தப் பக்கமும் காது கேளாத பெண். இரண்டு பேரும் கைகளால் பேசிப் பேசிச் சிரித்தார்கள். அறையில் வளையல் சத்தம் மட்டும்தான். படம் திக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்குத் திருப்தி. பையைக் கட்டினேன்.

அன்றைக்கே எனக்கு வெள்ளிமலையில் இன்னொரு வேலை இருந்தது. கச்சிராயபாளையம் போய் மலைக்கு வண்டி பிடிக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வேண்டிய ரவுட்டரும், மலையில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் ரவுட்டருக்கு மாட்டுகிற சின்ன பேட்டரிப் பெட்டி ஒன்றும் பையில் இருந்தன.

நான் எழுந்ததும் சுகந்தி பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தைக் காட்டினாள். நாலு விரலைக் காட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கட்டை விரலைத் தூக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். மேலே டியூப்லைட்டைக் காட்டி, விரல்களைக் குவித்துக் குவித்து விரித்தாள். எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை செய்தாள். அப்போது பட்டம்மா டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுகந்தியின் கை சட்டென்று மடியில் விழுந்தது. ஒன்றுமே நடக்காதது போல மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

அது எனக்கு உறுத்தியது. என்னவென்றுதான் தெரியவில்லை.

இங்கேதான் முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. "பழுதுக்குன்னு ஒரு நேரம் இருக்கும்மா. நீ போற நேரத்துக்கு அது வராது. அது வர நேரத்துக்கு நீ அங்க இருக்கணும்." எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் காலையில் வந்து, நன்றாக ஓடுகிற நெட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் நன்றாக ஓடுகிற நெட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிமலைக்காரருக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு வர முடியாது போலிருக்குங்க. நாளைக்குக் காலைல மொத வண்டிக்கு வந்துடறேன்."

"சரி வாங்க மேடம்" என்றார். "மலை எங்கயும் போவாது."

நாலு மணிக்கு வகுப்பு தொடங்கியது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிள்ளைகளும் அம்மாக்களும் வந்தார்கள். ஒரு கட்டத்தில் கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர், அவர்தான் தலைமை ஆசிரியை. நான் கேமராவில் விழாத மூலையில் உட்கார்ந்தேன். பட்டம்மா அறை வாசலில் வந்து மருமகள் உட்கார்ந்துவிட்டாளா என்று ஒருமுறை பார்த்தார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். அந்த வீட்டில் யாருக்காக அவ்வளவு மெதுவாகச் சாத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுகந்தி காக்கா கதை ஒன்றை ஆரம்பித்தாள். இரண்டு கையையும் இறக்கையாக விரித்தாள். பிள்ளைகளும் விரித்தார்கள்.

கொல்லைப் பக்கம் "கிர்ர்" என்று மோட்டார் ஓடத் தொடங்கியது. மேலே டியூப்லைட் ஒருதரம் கண் சிமிட்டியது. திரையில் பிள்ளைகள் விரித்த கையோடு அப்படியே நின்றுபோனார்கள்.

முன்கூடத்துக்கு ஓடிப் பார்த்தேன். ரவுட்டரில் எல்லா விளக்கும் அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் வீட்டுக்குள் கரண்ட் சட்டென்று தணிகிறது. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ரவுட்டர் மட்டும் செத்துப் பிழைக்கிறது. நான் மத்தியானம் முழுக்க இழுத்த ஒயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மோட்டாரை நிறுத்தலாம் என்று கொல்லைப் பக்கம் திரும்பினேன். சுகந்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கொல்லைப் பக்கம் காட்டினாள். தன் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் புரிந்தது. இவளுக்குக் காரணம் முன்பே தெரியும். மோட்டார் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் விளக்கு சிமிட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் எழுந்து போய்க் கொல்லையில் மாமியார் நிற்பதையும் பார்த்திருக்கிறாள். வந்தவர்களிடம் விளக்கை மட்டும்தான் காட்டினாள், மாமியாரைக் காட்டவில்லை. கணவரிடம் சொன்னால் அவர் நேராகப் போய் அம்மாவைக் கேட்பார். வேலையே போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டாளா, அல்லது யாராவது வந்து எப்படியாவது சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பினாளா, எனக்குத் தெரியாது.

நெருக்கடியில் பழுதின் பின்னால் ஓடாதீர்கள். முதலில் நின்றுபோன வேலையை ஓடவிடுங்கள். மோட்டாரை நிறுத்தினாலும் ரவுட்டர் உடனே எழுந்துவிடப் போவதில்லை. என் மொபைலில் இருந்த நெட்டை அவள் லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டேன். பிள்ளைகளின் கைகள் மறுபடி அசைந்தன. தலைமை ஆசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்தேன். சுகந்தி ஒரு மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து காக்காவைப் பறக்கவிட்டாள்.

வெள்ளிமலைக்கு வைத்திருந்த பேட்டரிப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தேன். முந்தின நாளே கடையில் சார்ஜ் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதை ரவுட்டருக்கு மாட்டிவிட்டு, சுகந்தியைப் பார்த்துக் கேபிளைக் காட்டினேன். அவள் பிள்ளைகளைக் காக்கா வரையச் சொல்லிவிட்டு, எல்லோரும் குனிந்ததும் எனக்குத் தலையசைத்தாள். அந்த இடைவெளியில் மொபைலிலிருந்து கேபிளுக்கு மாற்றிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

பிறகுதான் கொல்லைக்குப் போனேன்.

பட்டம்மா தொட்டியடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, படம் நிக்காம வருதா?"

"வருதுங்க. நடுவுல ஒருவாட்டி நின்னுது. இப்ப நல்லா வருது."

"நேத்தும் நின்னுச்சாம். ராவுல அதுக்குச் சோறே எறங்கல. இன்னா கோளாறு அந்தப் பொட்டில?"

நான் அதற்குப் பதில் சொல்லாமல், "இந்த நேரத்துக்கு ஏம்மா மோட்டார் போடறீங்க?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது கிளாஸ்ல ஒக்காந்தாத்தான் எனக்குக் கை ஓடும். இல்லன்னா ஓடியாந்து குடத்தப் புடுங்கும், பாத்திரத்தப் புடுங்கும். காலைல ஏந்து சமைக்குது, துணி தொவைக்குது, அப்புறம் ஒக்காந்து புள்ளைங்களுக்குப் படம் வரைஞ்சிக்கினு கெடக்குது. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? மோட்டார் சத்தம்தான் அதுக்குக் கேக்காதே. அதான் அது உள்ள போனதும் தண்ணி ரொப்பிட்டு, பாத்திரத்தத் தேச்சிட்டு, மாவயும் ஆட்டிட்டு, ஒன்னும் தெரியாதவ மாதிரி போய் ஒக்காந்துக்குவேன்."

சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்தார்.

இத்தனை வருஷத்தில் கெட்ட கேபிளால் நின்ற நெட்டைப் பார்த்திருக்கிறேன், எலி கடித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பிரியத்தால் நின்ற நெட்டை அங்கேதான் பார்த்தேன்.

"நீங்க மோட்டார் போடறதாலதான் நிக்குது" என்று சொன்னால் பழுது அந்த நிமிஷமே தீரும். அதோடு இந்த அம்மா அந்த ஸ்விட்சைத் தொடவே மாட்டார். தன்னால்தான் மருமகளின் பிழைப்பு கெட்டது என்று உள்ளுக்குள் வைத்து மருகுவார். உள்ளே ஒருத்தி கும்பிட்டது இதற்காகத்தான். அதற்காகப் பொய் சொல்லவும் முடியாது. நாளைக்கு இன்னொருவர் வந்து உண்மையைச் சொல்லிவிட்டால், அதுவரை மறைத்ததும் சேர்ந்து குத்தும். உண்மையில் பழுது எது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மோட்டார் போடுவது குற்றமா? எந்த வீட்டில் போடாமல் இருக்கிறார்கள்?

"ஒயரு பழசும்மா" என்றேன். "மோட்டாருக்கும் அந்தப் பொட்டிக்கும் ஒரே ஒயர்ல கரண்ட் போவுது. தாங்க மாட்டேங்குது. எலக்ட்ரீசியனக் கூப்ட்டு மோட்டாருக்குத் தனியா லைன் போடச் சொல்லணும்."

பட்டம்மாவின் கை பாத்திரத்தில் நின்றது. அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. "அப்ப நான் போட்டதாலதான் நின்னுச்சா?"

"ஒயரு சரியில்லாததால நின்னுது. இப்பவும் மோட்டார் ஓடிக்கினுதானே இருக்குது? உள்ள படமும் ஓடிக்கினு இருக்குது. வேணும்னா நிறுத்திட்டு மறுபடி போடுங்க. நான் உள்ள நின்னு பாக்கறேன்."

அந்தச் சோதனை எனக்கும் தேவைதான். பேட்டரிப் பெட்டி தாங்குமா என்று பார்த்தே ஆகவேண்டும். ஆனால் தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்வது துணிச்சல்தான். தாங்காவிட்டால் வகுப்பு மறுபடி நிற்கும். செய்யாமல் விட்டாலோ, இந்த அம்மா மாவு ஆட்ட கிரைண்டரைப் போட்டதும் என்ன ஆகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மொபைலைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நின்றேன்.

மோட்டார் நின்றது. மறுபடி "கிர்ர்" என்றது. விளக்கு சிமிட்டியது. சுகந்தியின் கண் விளக்குக்குப் போய்த் திரைக்கு வந்தது. பிள்ளைகள் வரைந்த காக்காவைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான்.

"நிக்கலியே?" என்று கேட்டுக்கொண்டே பட்டம்மா அறை வாசலுக்கு வந்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அங்கேயே நின்றுவிட்டார். மருமகள் வேலை செய்வதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில்தான் அவர் கொல்லையில் இருப்பாரே.

சுகந்தி அவரைப் பார்த்தாள். லேப்டாப்பை மெதுவாகத் திருப்பினாள். பட்டம்மா படத்துக்குள் வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தவர், பிள்ளைகள் பார்த்துவிட்டதால் போக முடியாமல் நின்றார். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் விரலை நீட்டி, கையைத் திருப்பி ஏதோ காட்டியது.

"இன்னா சொல்லுதுன்னு தெரியலியே" என்றேன் நான்.

"யாரு இதுன்னு கேக்குது" என்றார் பட்டம்மா.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"ஒரே வூட்ல இருக்கறோம். தெரியாம இன்னா?"

சுகந்தி அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், நீளமாகச் சொன்னாள். கொல்லைப் பக்கம் காட்டினாள், குடம் தூக்குவது போல் காட்டினாள், தன் காதைத் தொட்டாள், நெஞ்சில் கை வைத்தாள். திரையில் எல்லோரும், அந்தக் கண்ணாடி அம்மையார் உட்பட, பட்டம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

பட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாவு அப்படியே கெடக்குது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

வெள்ளிமலைக்கு மறுநாள் வேறொரு பேட்டரிப் பெட்டியோடு போனேன். சுகந்தியின் வேலை நிரந்தரமாயிற்று. எலக்ட்ரீசியன் வந்து மோட்டாருக்குத் தனி லைன் போட்டார். ரவுட்டர் அதற்குப் பிறகு அணைந்ததே இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, நாம் போகிற வீடுகளில் பழுதைக் கண்டுபிடித்ததும் "இவங்கதான் ஒயர இழுத்துட்டாங்க", "பசங்கதான் நோண்டிட்டாங்க" என்று ஒரு பெயரைச் சொல்லத் தோன்றும். நம் திறமையைக் காட்ட அது சுலபமான வழி. நாம் பணம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அந்தப் பெயர் அந்த வீட்டிலேயே இருக்கும். பழுது எங்கே என்று சொல்லுங்கள். யாரால் என்பது உங்களைக் கேட்டால் மட்டும், அதுவும் ஒருமுறை யோசித்துவிட்டு.

கொஞ்ச நாள் கழித்து வேறு வேலையாகப் போன் செய்த செல்வம், கடைசியில் அம்மாவைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்.

"தனி லைன் போட்டாச்சு, எப்ப வேணா மோட்டார் போடலாம். காலைல கரண்ட் நல்லா இருக்கும், அப்பப் போடும்மான்னா கேக்க மாட்டேங்குதுக்கா. அந்த நாலு மணிக்குத்தான் போடுவேன்னு நிக்குது. நீயாவது சொல்லுன்னு இவகிட்டச் சொன்னா, இவளும் சிரிச்சிக்கினு போறா. இன்னா காரணம்னே புரியல."

"அவங்க இஷ்டத்துக்கு விட்டுடுங்க தம்பி" என்றேன்.